யார் கையெழுத்துப் போட்டது?

2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் ஒரு வீடியோ அனுப்பினேன். பட்டாள உடுப்பில் ஒருவர் கேரள முதலமைச்சரைப் பார்த்து மலையாளத்தில் பேசுகிறார். மீட்புப் பணியை ராணுவத்திடம் விடாமல் ஏன் தடுக்கிறீர்கள் என்பதுதான் சாரம். அதன் கீழே நானும் ஒரு வரி சேர்த்தேன்: "இவர் கேக்கறதுல என்ன தப்பு? மிலிட்டரிகிட்ட குடுத்துட வேண்டியதுதானே." கொஞ்ச நேரத்தில் ராணுவமே பகிரங்கமாகச் சொல்லிவிட்டது: அந்த ஆள் போலி, ராணுவ உடுப்பைப் போட்டுக்கொண்டு பொய் பரப்புகிறார், நம்பாதீர்கள் என்று. வீடியோவை அழித்துவிட்டேன். ஆனால் கீழே இருந்த வரியை அந்தப் போலி ஆள் எழுதவில்லை, நான் எழுதினேன். மனதார எழுதினேன். அதை அழிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. இத்தனை வருடமாகியும் மழைக்காலம் வந்தால் அந்த வரி ஞாபகம் வந்துவிடுகிறது.

எந்த நிலைமையில் அதை எழுதினேன் என்பதைச் சொல்ல வேண்டும். அம்மா கேரளத்தில், வண்டிப்பெரியாற்றில், தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தார். நான் மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கம்பத்தில் பெரியப்பா வீட்டில். ஆகஸ்ட் 15 அதிகாலையில் முல்லைப்பெரியாறு ஷட்டர்களைத் திறந்தார்கள். அணையிலிருந்து இறங்குகிற தண்ணீர் முதலில் போய்ச் சேரும் ஊர்களில் வண்டிப்பெரியாறு ஒன்று. அம்மாவின் போன் அணைந்து கிடந்தது. ஓர் அவசர உதவி எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் 37 முறை. ஒரே ஒரு தடவை ஒருவர் எடுத்தார். "எந்த லயம்?" என்று கேட்டார். சொல்லி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது. மூன்றாம் நாள்தான் அம்மா மேட்டிலிருந்த பள்ளிக்கூட முகாமில் கஞ்சி குடித்துக்கொண்டு பத்திரமாக இருப்பது தெரிந்தது. கூட்டிப் போனவர்கள் பக்கத்து லயத்துப் பையன்கள். அதற்கிடையில் செங்கன்னூர் எம்.எல்.ஏ. ஹெலிகாப்டர் அனுப்புங்கள் என்று தொலைக்காட்சியில் அழுததைப் பார்த்தேன். அவர் ஆளும் கட்சிக்காரர். அவருக்கே இந்தக் கதி என்றால் லயத்துப் பொம்பளைகளை யார் நினைக்கப் போகிறார்கள்? எல்லாவற்றையும் ராணுவத்திடம் கொடுங்கள் என்று எதிர்க்கட்சித் தரப்பிலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது யோசித்துப் பார்க்க வேண்டிய ஒரு கருத்தாகவே படவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்பதுபோல அவ்வளவு இயல்பாக இருந்தது.

பெரியப்பா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. அவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் திண்ணையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"இவன் பட்டாளத்துக்காரன் இல்ல தாயி."

"எப்படிச் சொல்றீங்க?"

"உடுப்பைப் போட்டுக்கிட்டு முதலமைச்சரைக் கேள்வி கேக்கறான்ல. அதுலயே தெரிஞ்சுபோச்சு."

ராணுவத்தின் மறுப்பு அப்போது எங்கள் கண்ணில் பட்டிருக்கவில்லை. அவன் யாராக இருந்தால் என்ன பெரியப்பா, கேட்டது சரிதானே என்றேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

வண்டிக்குள் மூன்று மணி நேரம்

வடக்கே ஓர் ஊர். எண்பதுகளின் கடைசி. ஊர்ப் பெயரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கலவரம் என்று இவர்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். "புகை தெரியுது. சத்தம் கேக்குது. நாங்க வண்டியிலயே உக்காந்திருக்கோம். எங்க ஆபீசரும் உக்காந்திருக்காரு. மூணு மணி நேரம்." கைகளில் துப்பாக்கி இருக்கிறது, கண்ணெதிரே ஊர் எரிகிறது, ஆனால் இறங்கக் கூடாது. கடைசியில் ஒரு ஜீப்பில் மாஜிஸ்ட்ரேட் வந்தார். சின்ன வயசுக்காரர், சட்டையெல்லாம் வேர்வை, ஒரு காலில் செருப்பு வார் அறுந்து இழுத்துக்கொண்டு நடந்தார். ஆபீசர் எழுத்தில் கேட்டார். லாரி பானெட் மேல் தாளை வைத்து அந்த ஆள் எழுதத் தொடங்க, பேனா எழுதவில்லை. பெரியப்பாதான் தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார். கை நடுங்கியதில் முதல் கையெழுத்து கோணிப்போய், இரண்டாவது தாளில் போட்டார்.

அப்புறம்தான் இறங்கினார்கள். இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே ஒரு துணி, அதில் அந்த ஊர் பாஷையில் பெரிய எழுத்தில்: கலைந்து போங்கள், இல்லையென்றால் சுடப்படும். பியூகிள்காரன் ஊதினான். மாஜிஸ்ட்ரேட் கூடவே நடந்தார், அதே அறுந்த செருப்போடு. வானத்தைப் பார்த்துச் சுடுகிற வழக்கம் ராணுவத்தில் கிடையாது என்று பெரியப்பா சொன்னார். சுட்டால் ஆளைத்தான் சுட வேண்டும், அதுவும் கீழே பார்த்து, எத்தனை ரவை என்று கணக்குச் சொல்லி. அன்றைக்கு ஒரு ரவைகூடச் செலவாகவில்லை. துணியைப் பார்த்ததும் கூட்டம் கரைந்துவிட்டது.

"எனக்கு அந்த ஆள் மேல அன்னிக்கு அவ்வளவு கோவம். இவன் கையெழுத்துக்காகவா இம்புட்டு நேரம் உக்காந்திருந்தோம்னு."

"அப்புறம்?"

"அப்புறம் வேற எடத்துக்குப் போட்டாங்க. அங்க யாரு கையெழுத்தும் வாங்க வேண்டியதில்ல." கொஞ்சம் நிறுத்தி, "அந்த ஆள் கை நடுங்குனது நல்லதுன்னு அங்க போனப்பறம்தான் எனக்குப் புரிஞ்சுச்சு" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த வேற இடத்தைப் பற்றி அதற்கு முன்பும் அவர் பேசியதில்லை, அதற்குப் பிறகும் பேசியதில்லை.

நான் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மிலிட்டரி என்றால் உத்தரவே தேவைப்படாத ஒரு சக்தி, வந்தால் வேலை முடிந்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த மிலிட்டரிக்காரரே, அறுந்த செருப்போடு வந்த ஓர் அரசு அலுவலருக்காகக் காத்திருந்தேன் என்கிறார். காத்திருந்ததுதான் சரி என்றும் சொல்கிறார்.

சட்டத்தில் இருக்கும் ஒரு வாக்கியம்

பிறகு தேடிப் படித்தேன். பெரியப்பா சொன்னது அப்படியே சட்டத்தில் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 130-வது பிரிவு: சட்டவிரோதக் கூட்டத்தை வேறு எப்படியும் கலைக்க முடியாதபோது, அந்த இடத்தில் இருக்கும் நிர்வாக மாஜிஸ்ட்ரேட் ராணுவத்தைக் கொண்டு கலைக்கச் சொல்லலாம். ராணுவ அதிகாரி கீழ்ப்படிய வேண்டும். ஆனால் எப்படிக் கலைப்பது என்பது அவர் முடிவு, அதிலும் முடிந்த அளவு குறைந்த பலம், ஆளுக்கும் சொத்துக்கும் முடிந்த அளவு குறைந்த சேதம். 131-வது பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்புக்குப் பெரிய ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது, மாஜிஸ்ட்ரேட்டைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை என்றால் அதிகாரி தானாக இறங்கலாம் என்கிறது. தொடர்பு கிடைத்த நிமிடத்திலிருந்து அவர் சொல்படிதான் நடக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், இவை 149, 150 ஆகிவிட்டன. யார் உத்தரவிடலாம் என்பதில் மட்டும் ஒரு மாற்றம்: மாவட்ட மாஜிஸ்ட்ரேட், அதாவது நம் கலெக்டர், அல்லது அவர் அதிகாரம் கொடுத்த நிர்வாக மாஜிஸ்ட்ரேட்.

அமெரிக்காவில் இதற்கென்றே 1878-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அரசியல் சாசனமோ நாடாளுமன்றச் சட்டமோ வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, உள்நாட்டில் போலீஸ் வேலைக்கு ராணுவத்தை இறக்குவது குற்றம். 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு தேசியக் காவல் படையையும் மரைன் வீரர்களையும் அனுப்பியபோது, இந்தப் பழைய சட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு கலிபோர்னியா மாநிலம் நீதிமன்றம் போனது. சட்டம் மீறப்பட்டது என்று செப்டம்பரில் ஒரு ஃபெடரல் நீதிபதி தீர்ப்பும் எழுதினார். நம்மிடம் அப்படித் தனியாக ஒரு தடைச் சட்டம் இல்லை. நமக்கு இருப்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற இந்த நடைமுறைதான். யார் கேட்டது, யார் கையெழுத்துப் போட்டது, எவ்வளவு பலம். நூறு வருடத்துக்கும் மேல் பழைய அந்த மூன்று கேள்விகளில்தான் நம் பாதுகாப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. கையெழுத்துப் போட வேண்டியவரே போடாவிட்டால்? 1984 நவம்பரில் டெல்லியில் ராணுவம் பக்கத்திலேயே இருந்தது. தெருவுக்கு வரத் தாமதமானது. அந்த நாட்களில் ஆயிரக்கணக்கான சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். பெரியப்பா உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரத்திலும் அந்த ஊருக்குள் யாரோ செத்திருப்பார்கள். இதற்கு என்னிடம் நிம்மதியான பதில் இல்லை. ஆனால் டெல்லியில் ஏன் கூப்பிடவில்லை, ஏன் தாமதம் என்று விசாரணைக் கமிஷன்கள் கேட்க முடிந்தது. கேட்பதற்கு ஒரு பதவி இருந்தது, அதில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அது எவ்வளவு தூரம் போதவில்லை என்பது அந்த விதவைகளுக்குத்தான் தெரியும். என்றாலும் அந்தக் கேள்வியே கேட்க முடியாத இடம் எப்படி இருக்கும் என்பதைப் பிறகு பார்த்தோம்.

அம்மா கேட்டது வேறு

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "உனக்குப் 11-ல் நடந்தது மறந்துபோச்சா?" என்றார். மறக்கவில்லை. 2011 டிசம்பர். முல்லைப்பெரியாறு உடையும் என்று அந்தப் பக்கம் பயம், அணையை இடிக்கப் போகிறார்கள் என்று இந்தப் பக்கம் கோபம். குமுளியில் தடை உத்தரவு. கம்பத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் குமுளியை நோக்கி நடந்தார்கள். மலைமேல் ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ் ஆட்கள் அடிபட்டு, பஸ் இல்லாமல், காட்டு வழியாக இறங்கி வந்தார்கள். அம்மா இரண்டு ராத்திரி லயத்துக் கதவுக்குப் பின்னால் அம்மிக்குழவியை வைத்துக்கொண்டு முழித்திருந்தார். மலையாளி அண்டை வீட்டுக்காரர்கள்தான் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள், வெளியே வராதீர்கள் சேச்சி என்றும் சொன்னார்கள். அன்று அம்மா போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மிலிட்டரி வந்தாத்தான் நான் கண்ண மூடுவேன்."

இது என் வரியைப் போல டி.வி. பார்த்துக் கிளம்பிய கோபம் இல்லை. இந்த ஊர் போலீஸ் அவர்கள் ஆள், அந்த ஊர் போலீஸ் மலை ஏற முடியாது, அப்படியானால் எனக்கு யார்? எல்லையில் இருக்கிற சிறுபான்மை எங்கேயும் இப்படித்தான் கேட்கும், அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதே மாதம்தான் தமிழ்நாடு, அணைக்கு மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையைப் போடச் சொல்லி மத்திய அரசிடம் கேட்டது. கேரளம் மறுத்தது. அணையைப் பராமரிப்பது தமிழ்நாடு, காவல் நிற்பது கேரள போலீஸ். உங்கள் காவலை நாங்கள் எப்படி நம்புவது என்று இவர்கள். எங்கள் மண்ணில் மத்தியப் படை எதற்கு என்று அவர்கள். இரண்டு அரசாங்கமும் ஒன்றை ஒன்று நம்பவில்லை, லயத்தில் இருந்தவர்கள் இரண்டையும் நம்பவில்லை.

அந்த அவநம்பிக்கைக்குக் காரணங்கள் பிறகும் வந்துகொண்டேதான் இருந்தன. 2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் இறந்தார்கள், தமிழ்த் தொழிலாளிக் குடும்பங்கள். அடுத்த நாள் கரிப்பூரில் விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவர்களுக்கு 10 லட்சம், பெட்டிமுடிக்கு 5 லட்சம் என்று அறிவித்தார்கள். இதைக் கேட்ட லயத்துப் பெண்ணிடம் போய் அரசாங்கத்தை நம்புங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் மேலே இருக்கிறவர்கள் இந்த அவநம்பிக்கையை எப்படிப் பயன்படுத்தப் பார்த்தார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், 42-வது திருத்தம் அரசியல் சாசனத்தில் 257-ஏ என்று ஒன்றைச் செருகியது. மத்திய அரசு தன் படையை எந்த மாநிலத்துக்கும் அனுப்பலாம், அந்தப் படை மத்திய அரசின் கட்டளைக்கு மட்டுமே கட்டுப்படும். தலைப்பு என்ன தெரியுமா? மாநிலங்களுக்கு "உதவி". 44-வது திருத்தம் அதை எடுத்துவிட்டது. மாநிலங்களில் மத்தியப் படைகளை இறக்குவது மத்திய அரசின் அதிகாரம் என்று அதே 42-வது திருத்தம் மத்தியப் பட்டியலில் சேர்த்த 2-ஏ என்ற வரி மட்டும் இன்றும் இருக்கிறது. அம்மாவுக்கு வேண்டியிருந்தது ராத்திரி தூங்க ஒரு காவல். அந்தக் கேள்விக்கு இப்படிப்பட்ட பதில்களும் தயாராக இருக்கும் என்பது 2011-ல் எனக்கும் தெரியாது.

ஜீப்பில் வீடு திரும்புகிறவர்கள்

பெரியப்பா பேசாத அந்த வேற இடத்தை நான் 2021 டிசம்பரில் செய்தியில் பார்த்தேன். அவர் இருந்தது அதே இடமா என்று தெரியாது. நாகாலாந்து, மோன் மாவட்டம், ஓட்டிங் கிராமம். டிசம்பர் 4, சனிக்கிழமை சாயங்காலம். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடித்து ஒரு பிக்-அப் வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களைத் தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவத்தின் சிறப்புப் படை சுட்டது. 6 பேர் செத்தார்கள். கேள்விப்பட்டு ஓடிவந்த ஊர்க்காரர்களோடு நடந்த மோதலில் இன்னும் பலர். அங்கே 1958-ம் வருட ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் நடப்பில் இருந்தது. 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை அடக்க ஆங்கிலேயர் போட்ட அவசரச் சட்டத்தின் வாரிசு அது. அதன் 4-வது பிரிவில் மாஜிஸ்ட்ரேட் கிடையாது. எச்சரித்துவிட்டுச் சுடலாம், சாவு நேரும் அளவுக்கும் சுடலாம் என்று ஹவில்தார் அந்தஸ்தில் இருக்கிறவர்கூட முடிவெடுக்கலாம். 6-வது பிரிவின்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வழக்கு நடத்த முடியாது. மாநில போலீஸ் 30 ராணுவத்தினர் மேல் குற்றப்பத்திரிகை போட்டது. அனுமதி மறுக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கு நடவடிக்கைகளை முடித்துவைத்தது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கம்பம்மெட்டு ஜீப்புகள்தான் கண்முன் வந்தன. விடிகாலையில் தேனிப் பக்கத்திலிருந்து பெண்கள் தூக்குவாளியோடு ஏறி, மடியில் ஒருத்தி, தோளில் ஒருத்தி சாய்ந்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். இருட்டுகிற நேரத்தில் கொட்டாவி விட்டபடி திரும்புவார்கள். செக்போஸ்ட்டில் நிறுத்தி ஒரு போலீஸ்காரர் டார்ச் அடித்துப் பார்ப்பார். திட்டுவார், சில நாள் காசும் கேட்பார். அவரைப் பற்றி எஸ்.பி.க்கு மனு எழுதலாம். எழுதி ஒரு தடவை ஒருவரை மாற்றியும் இருக்கிறார்கள். ஓட்டிங்கில் அந்த பிக்-அப்பில் இருந்தவர்களின் வீட்டார் யாருக்கு மனு எழுதுவார்கள்?

2016 ஜூலையில், மணிப்பூரில் 1,528 பேர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டதாகச் சொல்லும் வழக்கில், படைகளுக்கு முழு விலக்கு என்று ஒன்று இல்லை, அளவுக்கு மீறிய பலம் விசாரிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. அதைச் சொல்லவைக்க, கொல்லப்பட்டவர்களின் தாய்மார்களுக்கு எத்தனை வருடம் ஆயிற்று என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

ராணுவத்தின் மேல் எனக்கு இருந்த மரியாதை இதனால் குறையவில்லை. 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா மலை இடுக்கில் மாட்டிக்கொண்ட பையனைக் கயிற்றில் இறங்கித் தூக்கி வந்தபோது நானும் அழுதேன். 2024-ல் வயநாடு சூரல்மலையில் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் 190 அடி பெய்லி பாலத்தை மழையில் நின்று கட்டியதைப் பெரியப்பா டி.வி.யில் இமைக்காமல் பார்த்தார். வேலை முடிந்து அவர்கள் புறப்பட்ட அன்று, "வந்தான், கட்டுனான், குடுத்தான், கெளம்பிட்டான்" என்று எண்ணி எண்ணிச் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் எவ்வளவு பெருமையாகச் சொன்னார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா இன்னும் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கும் அவருக்கும் இதில் முடிவான பேச்சு நடக்கப்போவதில்லை. போன மழைக்குக் குழுவில் மறுபடியும் ஒரு வீடியோ வந்தது. அணை, தண்ணீர், உடுப்பு போட்ட வேறு யாரோ. கீழே ஒரு தம்பி நான் அன்று எழுதியதையே கிட்டத்தட்ட எழுதியிருந்தான். நான் அவனோடு சண்டை போடவில்லை. வில்லேஜ் ஆபீஸ் எண்ணை எடுத்து அடித்தேன். நாலாவது தடவை ஒரு பெண் எடுத்தார். எங்கள் லயத்தில் எத்தனை வீடு, நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்று சொன்னேன், வண்டி எப்போது வரும் என்று கேட்டேன். அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. உங்கள் பெயர் என்ன மேடம் என்று கேட்டேன், சொன்னார். அந்தப் பெயரையும் நேரத்தையும் குழுவில் போட்டு, "ஒரு மணி நேரத்துல வண்டி வரலைன்னா நீங்க எல்லாரும் இவங்களுக்கு அடிங்க, ஒருத்தர் விடாம" என்று எழுதினேன்.